முதல் பருவத்தை அழிக்கும் மனு

மில் க்ரீக், விஸ்கான்சின்
ஜனவரி 22, 1989

அன்பு மகள் ரெனாட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். முதுகு மட்டும் தன் சுகத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறது. அங்கே குளிருக்கு என்ன போட்டுக்கொள்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

கடிதம் எழுதுவது இந்த வீட்டில் உன் அம்மாவின் இலாகா. அடியில் ஒரு கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். பெர்னடெட் கண்மூடி ஐந்து வாரமாக இலாகா காலியாகக் கிடக்கிறது. விண்ணப்பித்தவன் நான் ஒருவன்தான், தகுதி இல்லாவிட்டாலும் என்னையே நியமித்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு பால் லாரி ஏறியவன் எழுதுவது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

கல்லூரியிலிருந்து உன் பெயருக்கு ஒரு உறை வந்தது. முதல் பருவத்து மதிப்பெண் என்று நினைக்கிறேன். நான் பிரிக்கவில்லை. சமையலறை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன் என்பது மட்டும் உண்மை. உள்ளே காகிதம் இருப்பது தெரிந்தது. அதை அப்படியே இதோடு வைத்து அனுப்புகிறேன்.

உள்ளே என்ன இருந்தாலும் மனசை விடாதே கண்ணு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெண்டெல் (என் பாதையில் நாலாவது பண்ணை) உன் படிப்பைப் பற்றிக் கேட்டார். அம்மா படுக்கையில் கிடக்கும்போது பிள்ளைக்குப் புத்தகத்தில் கண் போகுமா என்றேன். நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்த ஊரில் உன்னைக் குறை சொல்ல ஆளில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
நார்பர்ட்

*

மினியாபொலிஸ்
பிப்ரவரி 5, 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறேன். உங்கள் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைக்கிறீர்களா? அது குளியலறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது.

உறையைப் பிரித்தேன். வேதியியலில் டி. கால்குலஸில் எஃப், அதாவது தோல்வி. உயிரியலில் சி. ஆங்கிலத்தில் மட்டும் பி. மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடுகிறவர்களுக்கு நான்கு வருடமும் ஏ வேண்டும். நான் தொடங்கியதே இப்படி.

மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கென்று இங்கே ஓர் ஆலோசகர் உண்டு, மிஸஸ் ஹால்வர்சன். பட்டியலைப் பார்த்துவிட்டு, பல் சுத்தம் செய்யும் வேலைக்கு நல்ல படிப்பு இருக்கிறது, இரண்டே வருடம், யோசித்துப் பார் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா டிசம்பரில் போனதைச் சொன்னேன். குரலே மாறிவிட்டது. எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அத முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப இது வேற கதைம்மா" என்றார்.

நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு பருவம் பார்க்கலாம் என்றார். நான் பார்க்கட்டுமா, வந்துவிடட்டுமா?

அன்பு மகள்,
ரெனாட்டா

*

மில் க்ரீக்
பிப்ரவரி 19, 1989

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். வெந்நீர்ப் பை கிடைத்தது, அதில் ஓட்டையும் கிடைத்தது. இப்போது முதுகோடு கட்டிலும் சூடாக இருக்கிறது.

பல் சுத்தம் செய்கிற வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. என் வாயைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். ஆனால் ஏழு வயதில் வெண்டெல் கொட்டகையில், கன்று திரும்பிக்கொண்ட மாட்டுக்குள் தோள் வரை கையை விட்டவள் நீ. பெரியவர்கள் கை பெருசு, உன் கைதான் போகும் என்றதும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். நம் இரண்டு பேரில் டாக்டருக்குப் படிக்க வேண்டியது யார் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஒரு சந்தேகம். என் லாரியில் பதினாலு பண்ணையின் பால் சேருகிறது. ஒருவன் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, அந்தப் பாலை மறந்துபோய்த் தொட்டியில் விட்டுவிட்டால் பதினாலு பேர் பாலும் போச்சு. ஆலை வாசலிலேயே கொட்டச் சொல்லிவிடுவார்கள். உன் சராசரியும் அப்படித்தானா? அந்த ஹால்வர்சன் அம்மாவிடம் கேள். அப்படி இல்லையென்றால் நீ வர வேண்டியதில்லை. படி.

இங்கே எல்லோரும் உன்னை விசாரித்தார்கள்.

அப்பா

*

மினியாபொலிஸ்
மே 28, 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள்.

கேட்டேன். கொட்டிவிட மாட்டார்களாம். நல்ல பாலை மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வாடை குறையும், ஆனால் போகாது. உங்கள் லாரி உதாரணத்தைச் சொன்னதும் மிஸஸ் ஹால்வர்சன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வேதியியலைத் திரும்ப எடுத்தேன். பி. படிக்கிற முறையையே மாற்ற வேண்டியிருந்தது. நாற்பத்தோரு பேர் பள்ளியில் முதலாவதாக வந்தவள், பாடத்தில் மஞ்சள் கோடு போட்டால் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது விடையை மூடி வைத்துவிட்டுக் கணக்கைப் போடுகிறேன். தப்பானால் மறுநாளும் அதையே போடுகிறேன். முன் வரிசையில் உட்காருகிறேன். பேராசிரியருக்கென்று சந்தேகம் கேட்கும் நேரம் ஒன்று இருக்கிறது. போன பருவம் முழுக்க அந்த அறையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை. நம் ஊரில் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லையே அப்பா. பனியில் கார் புதைந்தாலும் பக்கத்து வீட்டைக் கூப்பிடாமல் நாமே தோண்டுவோம். அப்படித்தான் நானும் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் தடவை தட்டியபோது அவர், உள்ளே வர இவ்வளவு நாளா என்றார்.

கோடையில் இங்கேயே இருந்து கால்குலஸை மறுபடி எடுக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலையும் கிடைத்திருக்கிறது. அதனால் வீட்டுக்கு வர முடியாது. கோபப்படாதீர்கள்.

அன்புடன்,
ரெனாட்டா

*

மில் க்ரீக்
ஜூன் 18, 1989

அன்பு மகளுக்கு,

சுகம். கோபமில்லை. கோபப்பட்டால் யாரிடம் காட்டுவது, நாய்க்குக் காது கேட்பதில்லை.

துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த நூடுல்ஸ் பாத்திரங்கள் எல்லாம் கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது என் சமையல்தான். முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் திங்கள். தொத்திறைச்சியும் முட்டைக்கோஸும் செவ்வாய். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊர் மன்றத்துக்குப் போகிறேன், இல்லாவிட்டால் எலும்பும் தோலுமாகிவிடுவேன் என்று சொல்லிக்கொள்கிறேன், பெல்ட்டில் புது ஓட்டை வெளிப்பக்கமாகத்தான் போட வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குக் கல் வைத்தாயிற்று. சாம்பல் நிறம், நீ சொன்ன மாதிரி. பெயரும் தேதிகளும் சரியாக வெட்டியிருக்கிறான். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டிருக்கிறான். பெயரைக்கூட வெட்டிவிட்டான், அவசரக்காரன்.

நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா

*

மினியாபொலிஸ்
ஜனவரி 27, 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? நான் நலம். கணக்குப் பார்த்தால் இந்த ஒன்றரை வருடத்தில் நாம் கிறிஸ்துமஸ் அட்டையும் பிறந்தநாள் அட்டையும்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தப்பு என்னுடையது.

நல்ல செய்தி முதலில். கரிம வேதியியல் இரண்டு பருவமும் ஏ. அதில்தான் பாதிப் பேர் மருத்துவக் கனவை விட்டுவிட்டுப் போவார்கள். இயற்பியலும் ஏ. முதியோர் இல்லத்தில் இன்னும் இருக்கிறேன், அங்கே இறந்தவர்களைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது. ஜூனில் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனுப் போட வேண்டும். திரும்ப எடுத்த பாடங்களுக்கு எங்கள் கல்லூரி புது மதிப்பெண்ணை மட்டும்தான் எண்ணும். மருத்துவக் கல்லூரிகள் இரண்டையும் எண்ணுமாம். அந்த டியும் எஃப்பும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பட்டியலைப் பார்க்கிறவன் முதல் நாலு வரியோடு தூக்கிப் போட்டுவிடுவான் என்று மிஸஸ் ஹால்வர்சன் பயப்படுகிறார்.

ஒரே வழி இருக்கிறதாம். குடும்பத்தில் பெரிய நோய் இருந்து, அதனால் மாணவர் படிக்க முடியாமல் போயிருந்தால், அந்தப் பருவத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி டீனுக்கு மனுப் போடலாம். பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வைத்த கடிதம் வேண்டும். அம்மாவுக்கு நோய் என்று எப்போது தெரிந்தது, எனக்கு எப்போது தெரிந்தது என்று தேதியோடு இருக்க வேண்டும். மார்ச் கடைசிக்குள்.

நடந்ததை எழுதுங்கள் அப்பா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரெனாட்டா

*

மில் க்ரீக்
பிப்ரவரி 10, 1991

என் டாக்டர் மகளுக்கு,

அப்பா சுகம், சந்தோஷம், தரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நிற்கிறேன். இரண்டு ஏயைப் பற்றி வெள்ளிக்கிழமை மன்றத்தில் சொன்னேன். கரிம வேதியியல் என்றால் என்னவென்று வெண்டெல் கேட்டார். உனக்குச் சொன்னாலும் புரியாது என்றேன். எனக்கும் புரியாது என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை.

கடிதம் எழுதிவிட்டேன். நாலு நாள் எழுதினேன், பதினோரு தாள் கிழித்தேன். வங்கியில் முத்திரை போடுகிற லூசில் போட்டுத் தந்தாள். டீனுக்குக் கொடுக்க வேண்டியது உள்ளே இருக்கிறது. நீ படிக்க ஒரு நகல் கீழே.

"மதிப்புக்குரிய டீன் அவர்களுக்கு. என் மனைவி பெர்னடெட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று 1988 அக்டோபர் 12ஆம் தேதி டாக்டர் சொன்னார். அன்று மாலையே நான் என் மகள் ரெனாட்டாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அந்த வெள்ளிக்கிழமையே பேருந்தில் வந்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்து ஞாயிறு திரும்பினாள். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள். தொண்டையில் எதுவும் இறங்காத நாட்களில் கரண்டியால் பனிக்கட்டி ஊட்டியது அவள்தான். படிப்பை விட்டுவிடுகிறேன் என்றாள், நான்தான் சம்மதிக்கவில்லை. டிசம்பர் 14ஆம் தேதி காலை என் மனைவி இறந்தபோது அவள் கை மகளின் கையில் இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளை அந்தப் பருவத்தில் எப்படிப் படித்திருக்க முடியும் என்று தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்."

எப்படி? டீனே அழுதுவிடுவார். லூசில் அழுதாள், முத்திரை கோணலாக விழுந்துவிட்டது.

சீக்கிரம் கொடுத்துவிடு.

அப்பா

*

மினியாபொலிஸ்
ஏப்ரல் 14, 1991

அப்பாவுக்கு,

நலம் என்று நம்புகிறேன்.

கடிதத்தை டீனிடம் கொடுக்கவில்லை. கெடு முடிந்துவிட்டது. மிஸஸ் ஹால்வர்சனிடம் உங்கள் கடிதத்தைக் காட்டாமல், என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன். பட்டியலை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "ஜூன்ல உன் பட்டியல் இருக்கறபடியே போகட்டும்" என்றார்.

இரண்டு வருடமாக நான் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மதிப்பெண்களுக்கும் அம்மாவுக்கும் சம்பந்தமில்லை. முதல் வேதியியல் தேர்வுத் தாளை அக்டோபர் 12 காலையில் திருப்பிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நாற்பத்தொன்று. அந்தத் தேதி எனக்கு மறக்காது. அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, விடுதியில் போர்வைக்குள் கிடந்தேன். யாராவது வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பேன். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. பிறகு அம்மா போனார்கள். எல்லோரும் பாவம் என்றார்கள். நான் அம்மாவின் சாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்களும் இடம் கொடுத்தீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன். அக்டோபர் 12ஆ? நவம்பர் கடைசியில்தான் தெரிந்தது, அதற்குள் முற்றிவிட்டது என்று அடக்கத்தன்று சொன்னீர்கள். நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு வருகிறேன் என்றபோது, ரோடெல்லாம் பனி, அங்கேயே இருந்து படி என்று அம்மாவின் கடிதத்துக்கு அடியில் எழுதினீர்கள். நான் அறைத்தோழி வீட்டுக்குப் போய் வான்கோழி தின்றேன். அம்மாவின் கடிதம் ஒரு பக்கத்திலிருந்து நாலு வரியாகி, நாலு வரி இரண்டு வரியானது. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் சுருக்கமாகப் பதில் எழுதினேன். அம்மா இறந்தது பதினாலாம் தேதி காலை. நீங்கள் என்னைக் கூப்பிட்டது பதினைந்தாம் தேதி, என் கடைசித் தேர்வு முடிந்த பிறகு. அதை நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. அதிர்ச்சியில் மறந்திருப்பீர்கள் என்று நானே காரணம் தேடிக்கொண்டேன்.

நான் யாருக்கும் பனிக்கட்டி ஊட்டவில்லை அப்பா. அந்தக் கடிதத்தில் இருக்கிற பெண் யார்?

ரெனாட்டா

*

மில் க்ரீக்
ஏப்ரல் 21, 1991

ரெனாட்டாவுக்கு,

உன் கடிதத்தை லாரியில் வைத்துப் படித்தேன். மூன்று பண்ணைக்குத் தாமதமாகப் போனேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

அக்டோபர் 12தான். டாக்டர் சொன்ன நாள் அது. நீ அங்கே கெட்டிக்காரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இந்தக் குடும்பத்தில் முதல் தடவை ஒருத்தி கல்லூரிக்குப் போயிருக்கிறாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள், வந்தால் திரும்பப் போக மாட்டாள் என்று பயந்தேன். தேர்வு முடியட்டும், தேர்வு முடியட்டும் என்று தள்ளினேன். பதினாலாம் தேதி காலைக்குப் பிறகும் தள்ளினேன் என்பது உண்மைதான். இனி ஒரு நாளில் என்ன, அந்தத் தேர்வையாவது எழுதட்டும் என்று. எனக்கு அப்போது அது நியாயமாகப் பட்டது. என் மூளை எவ்வளவு பெருசு என்று உனக்குத் தெரியும்.

லூசில், அம்மா படுத்திருந்தபோது வாரம் தவறாமல் சூப் கொண்டுவந்தவள். உன்னை ஒரு நாளும் அங்கே பார்க்காதவள். என் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை போட்டாள். அவள் எதற்கு அழுதாள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

உன் மதிப்பெண்ணுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரிக்குப் பிறகு உன்னையும் மறந்துவிட்டேன், டீனையும் மறந்துவிட்டேன். அன்று மாலையே கூப்பிட்டுச் சொன்னேன் என்று எழுதியதும் பேனா தானாக ஓடியது. அந்தக் கடிதத்தில் ஒரு அப்பன் இருக்கிறான் பார், அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவன் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

மில் க்ரீக்
நவம்பர் 24, 1991

அன்பு மகளுக்கு,

சுகமா? ஏழு மாதமாகிறது. நீ எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. நான் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கிறேன், அவ்வளவே.

மான் வேட்டை தொடங்கிவிட்டது. நான் மரத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தேன், மான்கள் என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. நாய் போன மாதம் செத்துப்போனது. வயதாகிவிட்டது, வலியில்லை.

எத்தனை கல்லூரிக்கு மனுப் போட்டாய் என்று ஊரில் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு என்று சொல்லிவைத்தேன். தப்பானால் சொல், திருத்திவிடுகிறேன்.

வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள். ரோடு நன்றாகத்தான் இருக்கும்.

அப்பா

*

மினியாபொலிஸ்
பிப்ரவரி 16, 1992

அப்பாவுக்கு,

நலம். நாய் போனதற்கு வருந்துகிறேன். நவம்பரில் வராததற்கும்.

பதினான்கு கல்லூரிக்குப் போட்டேன். பன்னிரண்டு வேண்டாமென்றுவிட்டன. ஒன்று இன்னும் பதில் தரவில்லை. ஒன்று ஜனவரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. நேற்று அங்கிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் நேர்முகத்தில் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டது வயதான ஒரு பெண் டாக்டர். என் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, "ஏழு பருவத்துல ஆறு பருவம் ஒரு ஆளு. முதல் பருவம் வேற யாரோ மாதிரி இருக்கே, அது யாரு?" என்றார்.

"அதுவும் நான்தான் டாக்டர்" என்றேன். படிக்கத் தெரியாமல் இருந்ததையும், கேட்கத் தெரியாமல் இருந்ததையும், பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதையும் சொன்னேன்.

"அந்த டிசம்பர்ல அம்மா இறந்திருக்காங்கன்னு போட்டிருக்கு. அதச் சொல்லவே இல்லியே நீ?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு எனக்குச் சொல்லல. தேர்வெல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரியும். அதனால அத ஒரு காரணமாச் சொல்ல முடியாது."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "நீ டாக்டரானா இப்படிப்பட்ட குடும்பத்த தினமும் பாப்பே. பிள்ளைங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு உன் கையப் புடிச்சுக் கெஞ்சுவாங்க. உங்க வீட்ல ஏன் சொல்லல?"

தெரியாது என்றேன். "அப்பாகிட்ட கேட்டியா?" என்றார். கேட்டேன், தேர்வுக்காக என்று பதில் வந்தது, அம்மா என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவுமில்லை, அவர் எழுதவுமில்லை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் குறிக்கவில்லை.

எனக்கு இப்போது அதுதான் வேண்டும். அம்மா என்ன சொன்னார்கள்? என்னைக் கேட்டார்களா, இல்லையா? டீனுக்கு எழுதியது மாதிரி வேண்டாம். அதைப் படித்த பிறகு வருவதா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

ரெனாட்டா

*

மில் க்ரீக்
மார்ச் 1, 1992

ரெனாட்டாவுக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிய கை. இந்தக் கடிதத்துக்கு அது வேண்டாம்.

இடம் கிடைத்ததை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்கு இதை எழுத வேண்டும் என்று வைத்துவிட்டேன். எல்லா நாளையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் நாளைத் தாண்ட முடியவில்லை. ஆனால் நீ கேட்டது அந்த நாளில்தான் இருக்கிறது.

அக்டோபர் 12, புதன்கிழமை. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். எட்டு வாரம் இருக்கலாம் என்றார். திரும்பி வரும்போது அம்மா கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோள வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெண்டெல் இன்னும் அறுக்கவில்லை என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "நார்ப், ரெனாட்டாவக் கூப்பிடு" என்றாள். "நான் பேச மாட்டேன், அழுதுருவேன். நீ பேசு. வந்துட்டுப் போகச் சொல்லு."

கேட்டாள் கண்ணு. முதல் வார்த்தையே அதுதான்.

நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தேன். உன் விடுதி எண்ணை அம்மா அதன் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். முதுகை அவள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றேன். விரலை வைத்துச் சுற்றினேன், மூன்று எண் வரைக்கும். அப்புறம் கொக்கியை அமுக்கித் துண்டித்துவிட்டேன். காதில் வெறும் ஓசைதான். மனசுக்குள் இருபது வரை எண்ணினேன், அடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. பிறகு வைத்துவிட்டு, யாரும் எடுக்கவில்லை என்றேன்.

"இந்நேரத்துல எங்க போயிருப்பா?"

"நூலகத்துல இருப்பா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

மறுநாளும் கூப்பிடச் சொன்னாள். மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கும் மறுநாள் நான் எழுந்து தொலைபேசி பக்கம் போனபோது அவளே என்னைத் தடுத்துவிட்டாள். வேண்டாம், அந்தப் பிள்ளை ராத்திரி பகலா புத்தகத்தோட உட்கார்ந்திருக்கு, நாம போய்க் கெடுக்க வேண்டாம், தேர்வு முடிஞ்சு அவளா வரட்டும் என்றாள். அதன் பிறகு ஒரு தடவையும் கூப்பிடச் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிற கடிதத்திலும் ஒன்றும் தெரிந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இரண்டு வரி எழுதுவாள். இரண்டு வரிக்கு மேல் பேனா பிடிக்கவும் முடியாது.

வருகிறவர்கள் எல்லோரும் பெண் எங்கே, வரவில்லையா என்று கேட்பார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள்தான் பதில் சொல்வாள். கடைசி வாரம் பேச்சு சரியாக வராமல் போன பிறகும் லூசிலிடம் அதைச் சொல்வதற்கு மட்டும் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எத்தனை தடவ கூப்பிட்டாலும் ரூம்ல இருக்கவே மாட்டா. எப்பவும் நூலகம்தான்."

அப்பா